ஆயிரத்து எண்ணூறு களி

சாப்பிட உட்காருகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற இனம் ஒன்று. அடுத்தவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற இனம் இன்னொன்று. இந்த இரண்டாம் இனத்தை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் தன் இலையில் நெய் குளமாகத் தேங்கி நிற்க, எதிர் இலைக்காரரைப் பார்த்து "நெய் வேண்டாமுங்க, பித்தம்" என்று எச்சரிப்பாரே, அவரேதான். யாரைக் கண்டாலும் "இளைச்சுட்டீங்களே" என்பார், இல்லாவிட்டால் "ஊதிட்டீங்களே" என்பார். சரியாக இருக்கிறீர்கள் என்று அவர் வாயால் கேட்டவர் இன்னும் பிறக்கவில்லை.

குமாரபாளையத்தில் அந்த இனத்தின் திலகம் தறிக்காரர் கந்தப்பன். வெகுகாலம் சூடு, குளிர்ச்சி, வாயு என்று உள்ளூர்ச் சரக்கை வைத்தே ஒப்பேற்றி வந்தார். சவரக் கடையில் கிடந்த ஒரு பத்திரிகையில் 'கலோரி' என்ற சொல்லை என்றைக்குப் பார்த்தாரோ, அன்றைக்குப் பிடித்தது வீட்டுக்குச் சனி. அது நேராகப் புது மருமகள் கமலவேணியின் தட்டில் வந்து உட்கார்ந்தது.

கமலவேணி குள்ளமாக, ஒடிசலாக இருப்பாள். பார்வைக்குத்தான் அப்படி. விடியுமுன் தண்ணீர் சேந்தி, தெருவில் பாவு நூலை நீளக் கட்டி, நூலுக்குக் கஞ்சி போட்டு நிமிர்வதற்குள் பசி அவள் காதை அடைக்கும். ராகிக் களி இரண்டு உருண்டை, மேலே கொள்ளுப் பருப்பு. அதற்கு மேல் அவள் என்ன கேட்டாள்? மாமனாரோ முதல் உருண்டையிலேயே கையைக் குறுக்கே நீட்டினார்.

"சின்ன வெளக்கு சாமி நீ. எண்ணெ கொஞ்சமா ஊத்துனாப் போதும். பொஸ்தகத்துலயே போட்டிருக்குது."

"உங்க வெளக்குக்குங்க?" என்றாள் மாமியார் பெரியநாயகி.

"எனக்கு மூளை வேலை புள்ள," என்றபடி அவர் நாலாவது உருண்டையில் குழி பறித்தார்.

புருஷன் சின்னராஜிடம் சொல்லலாமா? அவன் அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாத உத்தமன். வாய்விட்டுப் பசிக்கிறது என்றால், புது மருமகள் சோற்றுக்கு அலைகிறாள் என்று தெருவெல்லாம் பேராகிவிடும். தெருவில் கஞ்சி குடிக்கிற நூலைப் பார்த்தே அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அழுகை வந்தது, விழுங்கினாள். அதில் கலோரி கிடையாது.

ஒரு நாள் தட்டில் ஒற்றை உருண்டை விழுந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "மாமா, எனக்கு எவ்வளவு வேணும்னு அந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்க?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே இந்த இனம் உயிர் வாழ்கிறது! கந்தப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தறிக்கூடம் அதிர முழங்கினார்:

"உன்னாட்டச் சின்ன ஒடம்புக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்தி எண்ணூறு கலோரி!"

பெரியநாயகியின் களித் துடுப்பு சட்டியில் அப்படியே நின்றது.

"ஆயிரத்தி எண்ணூறு களியா! அடக் கடவுளே, ஒண்ணே ஒண்ணைப் போட்டுப் புள்ளயக் கொன்னுட்டிருக்கறமே!"

"களி இல்ல புள்ள, கலோரி!"

"அதத்தானுங்க நானுஞ் சொல்றேன். டவுன்காரங்க இழுத்துச் சொல்றாங்களாட்ட இருக்குது."

"கலோரி வேற, களி வேற!"

"அப்பக் கலோரின்னா என்னதானுங்க?"

கந்தப்பன் கூரையைப் பார்த்தார். பத்திரிகையில் விளக்கமும் இருந்தது. அதற்குள் சவரத்துக்கு முறை வந்துவிட்டதால், அவர் எண்ணோடு எழுந்துவிட்டார்.

"அது... ஒரு சூடு," என்றார்.

பெரியநாயகி உருண்டையைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "இதுவுஞ் சூடாத்தானுங்க இருக்குது! தின்னு சாமி. மாமன் சொன்ன கணக்குக்கு இன்னும் எத்தனையோ பாக்கி."

விழுந்தது இரண்டாவது உருண்டை. தடுத்தால் பத்திரிகை பொய்; பத்திரிகை பொய்யென்றால் கந்தப்பன் என்னத்துக்கு? கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

"நல்லா மென்னு தின்னோணும் சாமி. அப்பத்தான் ஒடம்புல ஒட்டும்."

"களிய யாராச்சும் மெல்லுவாங்களாங்க மாமா?" என்று கேட்டுவிட்டுக் கமலவேணி பருப்பில் தோய்த்து விழுங்கினாள். வயிறு குளிர்ந்தது. வந்த நாளிலிருந்து வராத சிரிப்பு அன்றைக்கு அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூன்றாவது உருண்டைக்கும் தட்டை நீட்டினாள்.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். "அந்த உடம்புக்கு மூணா? கொஞ்சம் அதிகந்தான்" என்று உங்கள் மனசு முணுமுணுத்ததா இல்லையா? முணுமுணுத்திருந்தால் வெட்கப்படாமல் வாருங்கள். கந்தப்பனுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் இலை போட்டாயிற்று.