ஆறாவது லென்ஸ்

போட்டோக்காரர் காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டார்: மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இல்லாமல் இனி ஒரு கல்யாணத்துக்கும் போவதில்லை. ஊரில் மற்றவர்கள் மணப்பெண்ணின் கண்ணிமையை முடி முடியாக எடுத்துக் காட்டுகிறார்கள். மோதிரக் கல்லுக்குள் மண்டபமே தெரிகிறது. இவர் எடுத்தால் விரலில் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

தடை ஒன்றே ஒன்று. மனைவி. அலமாரியில் ஏற்கெனவே ஐந்து லென்ஸ்கள் தூங்குகின்றன, ஆறாவது வந்தால் நீங்களும் அதோடு வாசலில் தூங்கலாம் என்று சொல்லிவிட்டாள். வெளியே படம் பிடிப்பவர் வீட்டில் அடம் பிடித்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

பத்து வருஷமாக அவர் எடுத்து வரும் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பமாக்குபவள் அவள்தான். எத்தனை மாப்பிள்ளைகளின் பருக்களை அழித்திருப்பாளோ. ஒருமுறை, "நானும் வந்து எடுக்கிறேனே" என்று கேட்டாள். "கேமரா என்ன கரண்டியா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் அவர் தன் அக்காவிடம் போனார். அடுத்த மாதக் கல்யாணப் பெண்ணின் அம்மாவாக அக்கா போனில் பேசவேண்டும். குளோஸ்-அப் இல்லாவிட்டால் ஆர்டரே இல்லை என்று மிரட்டவேண்டும்.

"உன் பொண்டாட்டி என் குரலைக் கண்டுபிடிச்சுடுவாடா."

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுக்கா. பக்கத்து வீட்டுப் போன்ல பேசு."

இரண்டு நாள் கழித்து, மனைவி பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"பொண்ணோட அம்மா பேசறேன்," என்றது ஜலதோஷக் குரல். "மோதிரம், கண்ணு, தோடு எல்லாம் கிட்டக்க எடுக்கணும். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"தாராளமா எடுத்துடலாம்மா. அறுபது எம்.எம். லென்ஸ்னா பொண்ணு மோதிரத்துக்கு நாலு விரல் தூரத்துல கேமராவை நீட்டணும். நூறுன்னா கொஞ்சம் தள்ளி நிக்கலாம், நம்ம நிழலும் விழாது. எதை வாங்கட்டும்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளாக அவரே திண்டாடிய கேள்வி. சின்னது, சட்டைப்பையில் ஒளிக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக அறுபதின் பக்கம் சாய்ந்திருந்தார்.

"நூறே வாங்கும்மா," என்றது குரல். "ஆனா தள்ளி நின்னாலும் ஆம்பளை ஆம்பளைதான். கண்ணுக்கு நேரா மீசையோட வந்து நின்னா பொண்ணு கூச்சப்படுவா. பொம்பளை யாராவது எடுக்கட்டும்."

அவர் போனைப் பார்த்துக் கையை ஆட்டினார், தலையை ஆட்டினார். போனுக்கு ஏது கண்.

"நானே எடுக்கட்டுமாம்மா?"

"நீயே எடு. அவர் வேணா லைட் பிடிக்கட்டும்."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "என்னங்க, சம்மதமா?"

"அந்தம்மா ஏதோ தெரியாம…"

"ஆர்டர் போயிடும்னு சொல்றாங்களே."

அது தன் அக்காதான் என்று சொன்னால் லென்ஸும் போகும், மானமும் போகும். "சம்மதம்," என்றார்.

லென்ஸ் வந்தது. ஒரு வாரம் அவள் சோப்பு நுரையை எடுத்தாள், ஈயை எடுத்தாள், அவர் மூக்கு நுனியை எடுத்தாள். அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, "இவ்வளவு கிட்டத்துல பார்க்காததாலதான் இத்தனை வருஷம் ஓடியிருக்கு," என்றாள்.

கல்யாணத்தன்று அவர் லைட் பிடித்தார். போன் பேச்சு எங்கே வந்துவிடுமோ என்று பெண்ணின் அம்மாவைக் கண்டாலே லைட்டுக்குப் பின்னால் பதுங்கினார். வரவில்லை. மனைவி பெண்ணைப் பேசிச் சிரிக்க வைத்தாள். இமையோரத்தில் ஒரு துளி நின்றபோது சட்டென்று எடுத்தாள். பெண்ணின் நிஜ அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரரும் எட்டிப் பார்த்தார். இப்படி ஒரு படத்தைத் தான் எடுத்ததே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் சும்மா இருந்திருக்கலாம். "போன்ல அந்த மிரட்டு மிரட்டினாங்க, நேர்ல எவ்வளவு தன்மையா இருக்காங்க பார்த்தியா?" என்றார்.

"போன்ல பேசின உங்க அக்காவும் தன்மைதான். நீங்க போய்ச் சொன்ன அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க, ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தோம்," என்றாள் மனைவி. "அந்த மீசை மட்டும் அவங்க சொந்தமா சேர்த்தது."