மக்கள் தேர்ந்தெடுத்தவரை மக்களுக்காகவே இறக்குபவர்

ஜனநாயகத்தைக் காப்பாற்றுவதற்காகத் தேர்தல் முடிவையே ரத்து செய்யத் துடிக்கும் மனிதர்கள் ஒரு தனி ரகம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ரகத்தில் ஒருவரான நம்மவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவர்.

அங்கே சங்கத் தலைவரை எல்லோரும் 'பெரியண்ணன்' என்பார்கள். ஓய்வறைக் கூரை ஒழுகுகிறதென்று மேலாளரிடம் சண்டை போடப் போய், அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்தால் போதுமென்று ஒப்புக்கொண்டு திரும்பிய புண்ணியவான். ஆனால் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக நிற்பார். தேர்தலில் ஓட்டு கொட்டியது. போதாக்குறைக்கு, அவர் நம்மவருடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அவரைத்தான் பதவியிலிருந்து இறக்கியே தீருவதென்று புறப்பட்டார் நம்மவர்.

"அடுத்த தேர்தல் வரைக்கும் பொறுத்தா என்ன?" என்றாள் மனைவி.

"அதுக்குள்ள கூரை தலையில விழுந்துடும். ஜனங்க ஏமாந்து ஓட்டுப் போட்டுட்டாங்க."

"நீங்களும்தானே போட்டீங்க?"

"நான் தெரிஞ்சே போட்டேன். அவங்க தெரியாமப் போட்டாங்க."

"எங்கண்ணன இறக்கிட்டு, சாப்பிட இந்த வீட்டுக்கு வராதீங்க."

மச்சான்மேல் அவருக்குப் பாசம் இல்லாமலா? இவருடைய காய்ச்சலுக்கும் அந்த மனுஷன்தானே கண்விழித்தார்? ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. சாப்பாட்டு வேளையில் சங்க அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டு இடைக்காலத் தலைவரை அறிவித்துவிடுவதென்று திட்டம் தீட்டி, "எனக்குப் பதவி ஆசை கிடையாது" என்று கண்ணாடி முன் பலமுறை சொல்லிப் பார்த்து, சட்டையை இஸ்திரி போட்டு, எல்லோரையும் கேட்டால் காரியம் கெட்டுவிடுமென்று நம்பகமான நாலைந்து பேரை மட்டும் டயர் குவியலுக்குப் பின்னால் கூட்டினார்.

இடைக்காலத் தலைவர் யார்? தன்னிச்சையாக முடிவெடுக்க இவர்கள் என்ன காட்டுமிராண்டிகளா? ரகசிய ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஹெல்மெட்டில் விழுந்த சீட்டுகளைப் பிரித்தால், நம்மவருக்கு ஒரே ஒரு ஓட்டு. எழுதிய கை எதுவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். மற்ற அத்தனையும் பெரியண்ணனுக்கு.

"என்னய்யா இது? அவரை இறக்கத்தானே வந்தோம்?"

"இறக்கணும்தாண்ணே," என்றார் வெல்டர். "ஆனா அவரு டீக்கு மயங்குவாருன்னு தெரியும். நீங்க எதுக்கு மயங்குவீங்கன்னு தெரியலையே."

"செல்லாது," என்றார் நம்மவர். "நீங்களும் ஏமாந்துட்டீங்க."

புரட்சி நடக்காததால் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இப்போது அந்தச் சதிக் கூட்டத்தையே கவிழ்க்கத் தனியாக ஓர் அணி கண்டிருக்கிறார். உறுப்பினர் அவர் ஒருவரே. தலைவர் தேர்வு ஏகமனதாக முடிந்தது.

கூரை நிஜமாகவே ஒழுகுகிறதே, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறதே என்கிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். காலியாகும் அந்த நாற்காலியில் மனசுக்குள் யாரை உட்காரவைத்துப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.