தூணைக் கட்டிப்பிடித்த டொக் டொக் அங்கிள்

நியூ ஜெர்சியில் சுவர்களுக்கு வாய் இருந்தால், முதலில் டொக் டொக் அங்கிளைத்தான் திட்டும்.

ஊரில் எஞ்சினியராக இருந்து ரிட்டயராகி, மகன் வீட்டுக்கு வந்தவர். எந்தக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் கார் சாவியால் சுவரைத் தட்டுவார். "வெறும் அட்டை சார். கோவத்துல ஒரு குத்து விட்டா அடுத்த ரூமுக்குப் போயிடலாம்." லோன் போட்டு வாங்கியவன் முகம் எப்படி இருக்கும்? மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்படியும் போவார்.

அவருக்குப் பிடித்தது ஒரே கட்டடம். என் துரதிர்ஷ்டம், அதில்தான் என் டிபன் கடை. மெயின் ஸ்ட்ரீட்டில் நூறு வருஷம் தாண்டிய செங்கல் கட்டடம். ஜன்னல்களுக்கு மேல் வளைவு, உச்சியில் தகரப் பூவேலை. எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று, "மேல பாருங்க" என்று என் கஸ்டமர்களை நிறுத்துவார். அவர்கள் மேலே பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள்.

வியாபாரம் படுத்தது. திருப்பூர் வாஸ்துக்காரர் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்து, "வாசலுக்கு நேரா தூண். எடுத்துடுங்க" என்றார். பலகை அடித்த தூண். வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். பர்மிட் கிர்மிட் எதுவும் வாங்கவில்லை. சனிக்கிழமை காலை பலகையைப் பிடுங்கினால், உள்ளே இரும்பு. அதனாலென்ன என்று மின்ரம்பத்தை எடுத்தேன்.

எங்கிருந்தோ ஓடிவந்தார் அங்கிள். சாவியால் ஒரு தட்டு. முகம் மாறியது. இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டார்.

"தள்ளுங்க அங்கிள்!"

"தம்பி, மாடியில யாரு இருக்கா?"

"என் பொண்டாட்டி, பொண்ணு. தூங்கறாங்க. உங்களுக்கென்ன?"

"அப்ப என்னையும் சேத்து அறுத்துடு."

பைத்தியம் என்று கத்தினேன். அசையவில்லை. ஆத்திரத்தில் கட்டட ஓனருக்கு போன் போட்டேன், இவரைத் துரத்தச் சொல்லி. தூணை அறுக்கிறேன் என்றதும் ஓனர் பதறிப்போய் ஒரு எஞ்சினியரை அனுப்பினார். வந்தவன் மேலே பார்த்தான், ரம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முன்பக்கச் சுவர் மொத்தமும், இரண்டு மாடியும், அந்த ஒரு தூணில்தான் நிற்கிறதாம். அறுத்திருந்தால் தெருவில் விழுந்திருக்கும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் என் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். "டாட், ஒய் இஸ் அங்கிள் ஹக்கிங் தட்?"

சட்டையெல்லாம் துருவோடு அவர் இன்னும் பிடியை விடவில்லை. ரம்பத்தை நான் கார் டிரங்கில் போட்டுப் பூட்டிய பிறகுதான் விட்டார்.

இப்போது ஒரு நாள் காலை அவர் கடைக்கு வரவில்லை என்றால், நான்தான் போன் போட்டுத் திட்டுகிறேன்.