மூணு கூவல், ஒரு பிளேன்டி

பதுளையில் இருந்து பசறை வரைக்கும் மலையில் இருக்கிற வீடுகளையெல்லாம் யார் யாரோ கட்டினார்கள். ஆனால் அத்தனை வீட்டுக்கும் விலாசம் கொடுத்தது ஒரே ஒரு ஆள்தான். அவர்தான் எங்கள் மார்க்கர் அக்கா. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சம்பளத் தாளில் மட்டும் பார்த்திருக்கிறேன். யாரோ தெரியாத மனுஷியின் பெயர் மாதிரி இருந்தது.

நான் பார்சல் ஆட்டோ ஓட்டுகிறவன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு சிமெந்துக் கடைக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது எங்கள் கிளை. மொத்தமே நாலு பேர். கவுண்டரில், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, பார்சலைக் கையில் தூக்கியதுமே உள்ளே இருப்பது சாரியா சப்பாத்தா என்று சொல்லிவிடுவார். உள்ளறையில் மனேஜர்; சிங்களவர், எங்களோடு பழகிப் பழகித் தமிழில் கோபப்படக் கற்றுக்கொண்டவர். வண்டியில் நான். பின்னறையில், குவிந்து கிடக்கும் பார்சல்களுக்கு நடுவே, கொண்டையில் சிவப்பு மார்க்கரைச் செருகிக்கொண்டு அக்கா.

தோட்டத்துக்கு வருகிற பார்சலில் என்ன எழுதியிருக்கும்? ஒரு பெயர், தோட்டத்தின் பெயர், பசறை. தீர்ந்தது. வரிசை வீடுகளான லயத்துக்கு வீதிப் பெயர் கிடையாது, அதில் ஒரு குடும்பம் இருக்கிற காம்பராவுக்கு நம்பர் கிடையாது. ஒரே டிவிஷனில் ஆறு செல்வராணி இருப்பார்கள். ஆறு பேரும் ஒரே கடையில் ஒரே மாதிரி சட்டை ஓடர் பண்ணியிருப்பார்கள்.

அக்கா அந்தப் பார்சலை எடுப்பார். கண்ணை ஒரு தரம் மூடுவார். கொண்டையில் இருந்து மார்க்கர் வரும். "மூணு கூவல், ஒரு பிளேன்டி, கோழி கடிக்கிற வீடு" என்று அட்டையில் எழுதி என் பக்கம் தள்ளிவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இது ஏதோ பகிடி என்று நினைத்தேன். நானாதான் விளக்கினார். கூவல் என்பது தூரம். ரோட்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஏற வேண்டும். ஏறும்போது எத்தனை தரம் கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரருக்குக் காது கேட்குமோ, அத்தனை கூவல். பிளேன்டி என்பது நேரம். சில வீட்டில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிவிடுவார்கள். சில வீட்டில் பால் விடாத வெறும் தேத்தண்ணி, அதுதான் பிளேன்டி, ஊற்றிக் கொடுக்காமல் விடவே மாட்டார்கள். வேண்டாம் என்றால் மனம் வருத்தப்படுவார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கித்தானே நாளைத் திட்டமிட வேண்டும்?

"அப்ப கோழி?" என்றேன்.

"கோழின்னா கோழிதான்" என்றார் நானா. "அது மட்டும் மறைபொருள் இல்ல."

அன்றைக்கு மத்தியானம் கெண்டைக்காலில் ரத்தத்தோடு திரும்பி வந்தேன். அக்கா ஒரு தரம் குனிந்து பார்த்தார்.

"எழுதியிருந்திச்சில்ல?"

"எழுதியிருந்திச்சு அக்கா."

"அப்ப வாசிக்கணும். நீங்க படம் பாக்குறாப்புல பாத்துட்டுப் போயிருக்கீங்க."

மருந்து போட்டுவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து பாதி ரொட்டியும் கொடுத்தார். அன்றைக்குத்தான் எனக்கு வேலை நிரந்தரமானதாக நான் நினைத்துக்கொள்கிறேன். கடிதம் வந்தது எட்டு மாதம் கழித்து.

இவ்வளவு வீடு இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், இளவயதில் தோட்டத்து மருத்துவச்சியின் பையைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக நடந்தவர். எந்தக் காம்பராவில் எந்தப் பிள்ளை எந்த மழையில் பிறந்தது என்பது வரைக்கும் தெரியும். கூகுளுக்கு வீட்டுக் கூரைதான் தெரியும். அக்காவுக்கு அடுப்படி தெரியும்.

எழுதுவதற்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல்; நானே மார்க்கரை எடுத்து "குடிகாரர் வீடு" என்று எழுதிவிட்டேன். மறுநாள் வந்து பார்த்தாரே, அன்றைக்கு நான் வாங்கியது கோழியிடம் வாங்கியதைவிட அதிகம்.

"அந்தப் பார்சலை அவரு பொஞ்சாதி வாங்குவா. புள்ள வாங்கும். நாலு எழுத்துப் படிச்ச புள்ள அத வாசிச்சா என்னா ஆவும்?"

"வேற என்னான்னு எழுதுறது அக்கா? அவரு குடிக்கத்தானே செய்யிறாரு?"

"குடிச்சுட்டு என்னா செய்வாரு?"

"பாடுவாரு."

"அப்ப அத எழுதுங்க."

"பாட்டுக்காரர் வீடு" ஆயிற்று. அடுத்த தரம் நான் பார்சல் கொண்டுபோனபோது அந்த மனுஷன் அட்டையை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். அப்புறம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "நம்ம பேரு பதுள வரைக்கும் போயிருச்சா தம்பி?" என்றார். அதற்குப் பிறகு குடிக்காமலேயே பாட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. லயத்துக்காரர்கள் எங்களை மன்னிக்கவே இல்லை.

இந்தப் பாஷை மெல்ல மெல்ல எங்கள் நாலு பேரையும் பிடித்துக்கொண்டது. மனேஜர் காலையில் வெளியே வந்து, "அக்கே, இன்னைக்கு மொத்தம் எத்தன பிளேன்டி?" என்று கேட்பார். "பதினாலு, சேர்" என்றால், "ஹரி, சரி, அப்ப பண்டாரவளைப் பக்கம் நாளைக்கு" என்று அங்கேயே முடிவாகும். எனக்கு முதுகு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது என்று டொக்டர் கேட்டார். "ரெண்டு கூவல் வரைக்கும் பரவாயில்லை" என்றேன். அவர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கொழும்புக்கு மட்டும் பிடிக்கவில்லை. தலைமைக் காரியாலயத்தில் இருந்து கடிதம் வந்தது. பார்சலின் மேல் ஊழியர் யாரும் எதையும் எழுதக் கூடாது. எழுதி, அதனால் மூன்று முறைப்பாடு, அதாவது புகார், வந்தால் அவருக்கு அந்த வேலை இல்லை. அக்கா பேரில் ஏற்கெனவே இரண்டு வந்திருந்தன. மனேஜர் கடிதத்தை வாசித்துக் காட்டினார். அக்கா கேட்டுவிட்டு, கொண்டையில் இருந்து மார்க்கரை எடுத்து, அடுத்த பார்சலில் எழுதினார்.

"அக்கா, வேல போயிரும்" என்றார் நானா.

"எழுதலன்னா பார்சல் போவாதே நானா. அப்பறம் வேல இருந்து என்னாத்துக்கு?"

மூன்றாவது முறைப்பாடு வந்த கதைதான் கதை.

ஒரு பாஸ்போட் வந்தது. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். மறுநாள் காலையில் பாஸ்போட்டோடு கொழும்பில் ஏஜென்சிக்காரன் முன்னால் நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அக்கா கண்ணை மூடித் திறந்து எழுதினார்: "நாலு கூவல், அழுகிற பிள்ளை வீடு."

மழையோடு ஏறினேன். முதல் லயத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். "பாஸ்போட்டா? எங்களுக்கு ரேஷன் காட்டே ஒழுங்கா இல்ல" என்றார்கள். இரண்டாவது லயத்தில் மூன்று பிள்ளைகள் அழுதன. பொறுமை போய், நடுவாசலில் நின்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்: "இங்க எப்பவும் அழுவுற புள்ள யாரு வீட்டுல?"

ஒரு தாய் வெளியே வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.

"யாரு சொன்னது எங்க புள்ள எப்பவும் அழுவுதுன்னு?"

"நான் சொல்லலம்மா. எழுதியிருக்கு."

"எழுதியிருக்கா? எங்க, காட்டுங்க!"

காட்டினேன். என் ஆயுளில் செய்த மடத்தனங்களில் அதற்கு முதல் இடம். அவள் போனை எடுத்து அட்டையைப் படம் பிடித்தாள்.

கடைசியாக மேல் லயத்தின் தொங்கலில், ஆகக் கோடியில் இருந்த காம்பராவுக்குப் போனேன். அதற்கு மேல் தேயிலையும் பனியும்தான். வாசற்படியில் இருபத்துமூன்று வயசுப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளே இருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பாஸ்போட் வரலன்னு விடியக்காலம் இருந்து அழுவுதுங்க. பொறந்த அன்னையில இருந்தே இப்பிடித்தான். மருத்துவச்சி அம்மாகூட வந்த பொண்ணு அப்பவே சொல்லிச்சு, இது ஓயாதுன்னு."

அக்கா எழுதியது சரிதான். இருபத்துமூன்று வருஷம் பழைய விலாசம், அவ்வளவே. எங்கள் நாலு பேரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு பிழை விட்டிருக்க மாட்டார்கள். பாஸ்போட்டைக் கையில் வாங்கியதும் அந்தப் பிள்ளை இன்னும் பலமாக அழுதாள். அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற தாய் பிடித்த அட்டைப் படம் அதற்குள் முறைப்பாடாகக் கொழும்புக்குப் போய்விட்டது. அதோடு மூன்று.

அடுத்த கிழமையே தலைமைக் காரியாலயத்தில் இருந்து, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு இளவட்டம் வந்து இறங்கினார். தமிழ்ப் பையன்தான், கொழும்பு. புது அப்ளிகேஷன் வந்திருக்கிறது, அது வழி காட்டும், அக்காவின் வேலை தேவைதானா என்று பார்த்து எழுதத்தான் வந்திருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியவில்லை.

அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முதல் பார்சலுக்கு டேப் காட்டிய இடத்தில் நிறுத்தினேன்.

"இதுதான் வீடு" என்றார்.

"இது தேயில ஃபெக்டரி ஐயா."

இரண்டாவது பார்சலுக்கும் அதே ஃபெக்டரி. மூன்றாவதுக்கும். வாசல் காவல்காரர் குடையோடு வந்து, "ஐயா, நீங்க இங்க வேலைக்கே சேந்துரலாம்" என்றார்.

பிள்ளை டேப்பை மூடினார். "உண்மையில இந்த வீடு எங்க இருக்கு?"

அக்காவின் எழுத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நானா சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் பழகின வாய். "அஞ்சு கூவல், பிளேன்டி இல்ல, ரோட்டுக்கு முதுகு காட்டுற வீடு" என்று வந்துவிட்டது. அவர் மூடின டேப்பைத் திரும்பத் திறந்தார். பிறகு, "கூவல் என்றால் என்ன அண்ணே?" என்றார்.

மறுநாள் அவர் பின்னறையில் அக்காவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, முறைப்பாட்ட நான் பாத்துக்கொள்றன். உங்களுக்குத் தெரிஞ்ச எல்லா வீட்டையும் சொல்லுங்க. நான் இதில ஏத்துறன்."

அக்கா தப்பித்தார் என்று நாங்கள் சீனி தூவின பன், கிம்புலா பணிஸ், வாங்கிக் கொண்டாடினோம். அக்கா மூன்று கிழமை, முழுசாக இருபத்தொரு நாள், சொன்னார். கண்ணை மூடி மூடி, லயம் லயமாக, காம்பரா காம்பராவாக. அந்தப் பிள்ளை தட்டத் தட்ட மலை முழுக்க அந்தச் சின்னப் பலகைக்குள் போய்க்கொண்டிருந்தது. முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது நானாதான். தேத்தண்ணிக் கடையில் என் கையைப் பிடித்தார்.

"மச்சான், அக்கா எல்லாத்தையும் சொல்லி முடிச்சா, பெறகு பார்சல் பிரிக்கிறத கொழும்புலயே பிரிச்சிருவாங்களே. இங்க அக்கா எதுக்கு?"

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னோம். கொஞ்சத்தை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், பசறைப் பக்கத்தையாவது உங்கள் மண்டையிலேயே வையுங்கள் என்று கெஞ்சினோம். மனேஜரும் கதவோரம் நின்று, "அக்கே, கொஞ்சம் மறந்துபோங்க" என்றார். ஒரு மனேஜர் ஊழியரிடம் இப்படிக் கேட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"தெரியாமலா சொல்லிக்கிட்டு இருக்கேன்? நாளைக்கு நான் படுத்துட்டேன்னா அந்தப் புள்ளைங்களுக்குப் பாஸ்போட்டு யாரு குடுப்பா? சொல்லி முடிக்கிற வரைக்கும் சத்தம் போடாம இருங்க."

பசறைப் பக்கத்தையும் சொன்னார். முடிந்த மாதமே கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. போகிற அன்றைக்கு மேசையைத் துடைத்தார், எனக்கு ரொட்டியில் பாதி கொடுத்தார், நாலரை மணி ஹாலிஎல பஸ்ஸில் ஏறினார்.

இப்போது என் போனில் எல்லாம் வருகிறது. அக்காவின் வார்த்தைகளே, அச்செழுத்தில். கூவல் மீட்டராகிவிட்டது. பிளேன்டி நேரத்தை நிரப்ப மட்டும் அந்த அப்ளிகேஷனில் கட்டம் இல்லையாம். ஒரு வீட்டில் நான் கோப்பையை வாங்கியதும் போன் கத்துகிறது, தாமதம் தாமதம் என்று. வீட்டுக்காரர்கள் பயந்து, "போங்க தம்பி, கூப்புடுறாங்க" என்கிறார்கள். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு இறங்குகிறேன். கிளையில் நானா கவுண்டரில் இருக்கிறார், மனேஜர் உள்ளே இருக்கிறார். காலையில் வெளியே வந்து ஏதோ கேட்க வாயெடுப்பார். பின்னறையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

தினமும் காலை பத்து மணி போல, சிக்னல் இருக்கிற இடமாகப் பார்த்து நான் அக்காவுக்குப் போன் எடுப்பேன். ஒரு வீடு தெரியவில்லை என்பேன். நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லைன் கிடைக்கவே இல்லை. கிளைக்குத் திரும்பினால், நானா முதுகைக் காட்டிக்கொண்டு போனில், "அந்த ஊடு எந்தப் பக்கம் அக்கா?" என்று கிசுகிசுக்கிறார். கவுண்டரை விட்டு ஒரு நாளும் மலை ஏறாத மனுஷன், அவருக்கு எதற்கு வழி? அவர் பேசி முடித்து வைக்கட்டும் என்று உள்ளறையில் மனேஜர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

நேற்றும் எடுத்தேன்.

"பதினொரு வருசமா ஓட்டுறீங்க. இந்த வீடு இன்னுமா தெரியல?" என்று திட்டினார் அக்கா.

"தெரியலக்கா. சொல்லுங்க."

கண்ணை ஒரு தரம் மூடியிருப்பார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார், வளைவு, குழாயடி, படிக்கட்டு என்று ஒவ்வொன்றாக. அந்த வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.