மாமி வார்த்த அரிஷ்டம்

எங்கள் கிழக்குக் கரையில் திருமணமானதும் ஆண்மகன் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். பெட்டியும் படுக்கையும் மட்டுமே போவதாக அவன் நினைத்துக்கொள்கிறான்; உண்மையில் அவனுடைய வயிறும் அன்றே கைமாறிவிடுகிறது. சம்மாந்துறையிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்த எனக்குக் கல்லீரலும் சேர்ந்தே கைமாறிற்று.

எண்பதுகளின் தொடக்கம். நான் தமிழாசிரியன், மணமாகி ஓராண்டும் நிறையவில்லை. கண்கள் மஞ்சள் பூத்தன. மஞ்சள் மறைந்த பின்னும் அசதி மறையவில்லை. கொழும்புக்கு அனுப்பிய என் இரத்தம், ஈரலைத் தாக்கும் கிருமி என்னுள் நிலையாகக் குடியேறிவிட்டது என்ற செய்தியைக் கொண்டுவந்தது. (நானே பெண் வீட்டில் குடியேறியவன்; அதை எந்த முகத்தோடு வெளியேறச் சொல்வது?)

ஆஸ்பத்திரி வைத்தியர் யாழ்ப்பாணத்தவர்; பொறுமைசாலி.

"மாஸ்டர், இந்தக் கிருமியைத் துரத்த எங்களிட்ட மருந்தில்லை. ஈரலைக் காப்பாத்திறதுதான் வேலை. முதலாவது, மது தொடக்கூடாது. ரெண்டாவது..."

இரண்டாவதைச் சொல்ல நான் விடவில்லை. எழுந்து நின்றேன்.

"ஐயா! ஐவேளை தொழும் குடும்பத்தில் பிறந்தவன் யான். பாடத்தில் மது என்று வந்தாற்கூடத் தேன் என்று பொருள் கூறி அப்பாற் செல்பவன்!"

இவ்வுரை நெடுநேரம் நீடித்தது. வைத்தியர் எனக்குப் பின்னாலிருந்த வரிசையைப் பார்த்தார்; அடுத்தவரை அழைத்துவிட்டார். 'கேட்காமல் எந்த மருந்தும் எடுக்கக்கூடாது. நாட்டு மருந்தும் அப்படியே' என்பதுதான் அந்த இரண்டாவது. எனக்கு அது பின்னரே தெரிந்தது.

வீட்டில் மாமி, என் மனைவியைப் பெற்றவர், பொங்கினார்.

"ஆஸ்பத்திரியில மருந்தில்லாட்டி உலகத்திலயே மருந்தில்லயா மகன்?"

மறுநாளே நற்பிட்டிமுனையில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியிடமிருந்து கரிய போத்தலொன்றில் அரிஷ்டம் வந்து சேர்ந்தது. பரிசாரி சொன்ன அளவு இரண்டு கரண்டி. மாமிக்கு அது அவமானமாகப் பட்டது. மாப்பிள்ளைக்கு எதையும் அளந்து வைப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

"கரண்டிக் கணக்குச் சின்னப் புள்ளைகளுக்கு. எங்கட மாப்பிள்ளைக்கு ஒரு கிளாஸாவது ஊத்தாட்டி ஊரு என்ன கதைக்கும்?"

குடித்தேன். நெஞ்சு இளஞ்சூடாயிற்று, உலகம் இணக்கமாயிற்று. இராச் சாப்பாட்டுக்குப் பின் மனைவிக்கு வெண்பா இலக்கணம் கற்பித்தேன். (அவள் கேட்கவில்லை.) கோழிக்கூட்டைப் பார்த்து ஒரு விருத்தமும் பாடினேன்.

"ஈரல் சிரிக்குது மாமி!" என்றேன்.

"ஈரல் சுகமாகித்தான் வருது உம்மா, மண்டைதான் பழுதாகுது" என்றாள் மனைவி.

மாமி மகிழ்ந்து மேலும் வார்த்தார். மாமியின் மனம் நோகலாகாது என்பதால் நான் மறுக்கவில்லை. (மனம் சிறிதும் நோகாதிருக்க, விடுமுறை நாள்களில் நண்பகலிலும் குடித்தேன்.)

மீண்டும் இரத்தம் பார்த்தார்கள். அறிக்கையைப் படித்த வைத்தியரின் முகம் கறுத்தது. வாசலில் பாதிச் சாய்ந்தமருது காத்திருந்தது.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்கோ. குடிக்கிறனீங்களோ?"

நான் மீண்டும் எழுந்து நின்றேன். கூட வந்திருந்த மாமி முந்திக்கொண்டார்.

"டொக்டர்! எங்கட மருமகன் சோடாவையும் கேட்டுத்தான் குடிப்பாரு. நான் குடுக்கிற மருந்த உட்டா வேற ஒண்டும் வாயில வைக்கிறல்ல!"

பெருமையோடு பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"விடிய ஒரு கிளாஸ், ராவைக்கு ஒரு கிளாஸ்."

வைத்தியர் மூடியைத் திறந்து முகர்ந்தார், கண்களை மூடிக்கொண்டார்.

"அம்மா, இது புளிக்க வைச்சுச் செய்யிற அரிஷ்டம். இதுக்குள்ள மதுச்சாரம் கிடக்கு. இவருக்குக் கரண்டியாலயே கூடாது, நீங்கள் கிளாஸாலயோ? இப்பிடியே போனா ஈரல் சுருங்கிப் போம். பிறகு ஒருத்தராலயும் மீட்கேலாது."

"யா அல்லாஹ்! எங்கட மாப்பிள்ளைக்கு நானா சாராயம் பருக்கின?"

அந்தக் குரல் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடல்வரை போயிருக்கும். பிறகு மாமி என் வயிற்றைப் பார்த்தார். குரல் உடைந்து, மிகத் தாழ்ந்து கேட்டார்:

"ஈரல் இன்னும் மிச்சமிரிக்கா டொக்டர்?"

"இருக்கு. இண்டையோட நிப்பாட்டினாத் தப்பும்."

இம்முறை நான் உட்கார்ந்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அவர் சொன்ன அனைத்தையும் வாய் திறவாமல் கேட்டேன்.

எங்களுக்கு முன்பே செய்தி சைக்கிளில் வீடு போய்விட்டது. வாசற் படலையில் மாமா நின்றார்.

"என்ன மருமகன், குடிச்சிப்போட்டா ஆஸ்பத்திரிக்குப் போன?"

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்றவர் சற்றே குனிந்து முகர்ந்து பார்த்தார். மாமி எஞ்சிய அரிஷ்டத்தை முருங்கையடியில் ஊற்றினார். ஊற்றிய பிறகு, அதன் இலை மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்ற ஐயத்தில் நெடுங்காலம் முருங்கை சமைக்கவில்லை.

ஈரல் தேறிற்று. கிருமி இன்றும் என்னுள் இருக்கிறது. தலைவலிக் குளிசையாயினும் வைத்தியரைக் கேட்காமல் எங்கள் வாசற்படி தாண்டுவதில்லை. ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்குப் போகையில் மாமியும் கைத்தடியோடு வருகிறார். சென்ற முறை புதிதாக வந்திருந்த இளம் வைத்தியர், வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மது பாவிப்பீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமி பதில் சொல்லிவிட்டார்.

"முந்திக் குடிச்சாரு மகன். நான்தான் ஊத்திக் குடுத்த."