எட்டு பிட்டுக்கு ஒன்பது என்று பேர்

"அந்த எட்டை எடுத்துடும்மா. எட்டு நமக்கு ஆகாது" என்றார் முதலாளி உதயசூரியன், அமுதவல்லியின் கம்ப்யூட்டர் திரையை விரலால் குத்தியபடி.

இலுப்பூரில் அவர் கம்பெனி செய்வது போர்வெல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர். அதற்குள் ஒரு சிப். எழுதுகிற புரோகிராமை அந்தச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரக் கம்பெனியில் ஒரு கம்பைலர் உண்டு. அதற்கு அடியில் கூட்டல், பெருக்கல் பார்க்கும் புரோகிராம் அமுதவல்லியின் பொறுப்பு. எண்ணைப் போட்டு வைக்கிற இடத்துக்கெல்லாம் அதில் இதுவரை 'இன்ட்' என்று ஒரே பேர். அந்த இன்ட்டுக்கு லேப்டாப்பில் முப்பத்திரண்டு பிட் அகலம், சிப்பில் பதினாறுதான். லேப்டாப்பில் சரியாக வந்த கணக்கு, சிப்பில் இடம் போதாமல் வயலில் போய் உதைத்தது. வெறுத்துப்போய் அகலத்தையே பேராக வைத்துவிட்டாள்: இன்ட்8, இன்ட்16, இன்ட்32. பார்த்தவுடன் யாருக்கும் புரியும். முதலாளிக்குக்கூடப் புரிந்தது, எட்டு மட்டும்.

"எட்டு பிட் புடிக்கிற எடம் சார். எட்டுன்னுதான் பேர் வைக்க முடியும்."

"ஒம்பதுன்னு வையி. யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

"நாளைக்கு இதைப் படிக்கிறவங்க ஒம்பதுன்னு நம்பிருவாங்க சார். நான் மாத்த மாட்டேன்."

நாலு மணிக்குக் குளத்தூர் டீலர் கண்ணுசாமி ஸ்டார்ட்டரைப் பார்க்க வருகிறார். அவர் ஆர்டர் கொடுத்தால்தான் கம்பெனி பிழைக்கும். அப்படிப்பட்ட நாளில் எட்டா என்று முதலாளிக்கு உதறல். அமுதவல்லி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஸ்டார்ட்டர் புரோகிராம் முழுக்க இருந்த எட்டையெல்லாம் ஒரே தட்டில் ஒன்பதாக்கிச் சிப்பிலும் ஏற்றிவிட்டார்.

அவள் திரும்பி வந்தால், மோட்டாரைச் சோதிக்க வைத்திருந்த தொட்டி வழிந்து வாசலெல்லாம் தண்ணீர். தொட்டி நிறைந்ததைச் சொல்லும் ஒயர் இருப்பது எட்டாம் நம்பர் பின்னில். புரோகிராம் அதை ஒன்பதாம் பின்னில் தேடிக்கொண்டிருந்தது.

"பதறாதம்மா, திருப்பி மாத்திட்டேன்" என்றார் முதலாளி, ஒன்பதையெல்லாம் எட்டாக்கிவிட்டு. முதலிலேயே ஒன்பதாக இருந்ததும் சேர்ந்து எட்டாகிப் போனது. இப்போது மோட்டார் ஓடவே இல்லை.

அமுதவல்லி தன்னிடமிருந்த பழைய பிரதியை ஏற்றினாள். மோட்டார் ஓடியது, தொட்டி நிறைந்ததும் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்ட்8 அப்படியேதான் இருக்கும் சார். ஆகாதுன்னா நான் கெளம்புறேன். கண்ணுசாமி சார்கிட்ட நீங்களே ஒம்பதை ஓட்டிக் காட்டுங்க."

"இரும்மா, இரு. ஜோசியர்கிட்டயே கேட்டுருவோம்."

"யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

முதலாளி எண் ஜோசியர் ஆத்மநாதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இன்ட் பேர்கள் மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

"இன்ட்8-ஐ எதுக்குய்யா மாத்தணும்?" என்றார் ஆத்மநாதன். "எழுத்தையும் சேத்துல்ல கூட்டணும். ஐ, என், டி மூணுக்கும் பத்து. கூட எட்டு, பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒம்பது. ராஜா மாதிரி பேரு."

அமுதவல்லி பையை இறக்கி வைத்தாள். ஜெயித்தாயிற்று. ஜோசியத்தால் ஜெயித்ததை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆத்மநாதன் இன்னும் போனை வைக்கவில்லை.

"அந்தப் பதினாறைத்தான் இப்பவே தூக்கணும். பத்தும் ஒண்ணும் ஆறும் பதினேழு. கூட்டிப் பாருங்க, எட்டு."