கூரைக்குப் போன மருந்து

சான் இசித்ரோ, இலோய்லோ
செப்டம்பர் 7, திங்கள்

தாவாவில் இருக்கும் மதிப்புக்குரிய லூரிங் அக்காவுக்கு, உங்கள் தம்பி தோரோவின் மனைவி பெத்தாங் எழுதுவது. குழந்தை இயேசுவின் தயவால் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் நலம். இப்போதெல்லாம் அழுவதில்லை.

அடக்கத்தன்று எல்லார் முன்னாலும், "மருந்தை என் தம்பிக்குக் குடுக்காம சாமிக்குப் படைச்சுட்டாளே!" என்றீர்கள். நாற்பதாம் நாள் செபத்துக்கும் வரவில்லை.  அதற்குப் பதில் இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது.

போன வாரம் நம் ஊர் நர்ஸ் டெலியா வந்து, "அஞ்சு ஊரு டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி எல்லாரும் மாசம் ஒரு வியாழக்கிழமை கூடி, இழுப்பு வைத்தியத்தை ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கிறோம். அண்ணன் எப்படி மருந்து எடுத்தாருன்னு நீங்க வந்து சொல்லணும் அக்கா" என்றாள். நாலாம் வகுப்புக்காரியிடம் டாக்டர்கள் என்ன கற்கப்போகிறார்கள், இது விசாரணைதான் என்று நினைத்து, கறுப்பு உடுப்பு போட்டு, கல்யாணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுத்து, சாட்சிக்குப் பக்கத்து வீட்டு இன்சியாங்கையும் கூட்டிக்கொண்டு போனேன். போனால் மேசை நிறைய நூடுல்ஸ், வறுத்த வாழைப்பழம். "இந்த மாதிரி விசாரணைன்னா தினமும் வரலாம்டி" என்று இன்சியாங் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பெரிய டாக்டரம்மா ஒரு காலி இன்ஹேலரை எடுத்து, "நோயாளிக்கு எப்படிச் சொல்லித் தருவீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார். டெலியா அமுக்கி முடித்த பிறகு மூச்சை இழுத்தாள். பக்கத்து ஊர் மருத்துவச்சி ஒரே மூச்சுக்கு மூன்று தடவை அமுக்கினாள். சின்ன டாக்டர் அழகாகக் குலுக்கி, வாயில் வைத்து, கண்ணை மூடி அமுக்கினார், மூடியைக் கழற்றாமலே. "டாக்டர், மூடிக்கு இழுப்பு இல்லைங்க!" என்றாள் மருத்துவச்சி. கூடமே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உங்கள் தம்பி டெலியாவிடமும் போனவர், அந்த மருத்துவச்சியிடமும் போனவர். யார் மனமும் நோகக்கூடாது என்று ஒரு தடவை இவள் சொன்னபடியும் மறு தடவை அவள் சொன்னபடியும் அமுக்கினார். இரண்டுமே தப்பாம், மருந்தெல்லாம் நெஞ்சுக்குள் போகாமல் கூரைக்குத்தான் போயிருக்கிறது. எங்கள் கூரைக்கு இழுப்பு இருந்திருந்தால் என்றைக்கோ குணமாகியிருக்கும்.

அப்புறம் நீங்கள் சொன்னதையும் நானே சொன்னேன். தினமும் எடு என்றார்கள். நன்றாக இருக்கும் நாளில் எதற்கு மருந்து என்று குழந்தை இயேசுவின் காலடியில் வைத்தோம், இழுப்பு வந்தால்தான் எடுத்தோம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "உங்க ஊர்லயும் இப்படி உண்டா?" என்று டாக்டரம்மா மற்றவர்களைக் கேட்டார். ஒவ்வொரு கையாக எழுந்தது. "அம்மா, இது வராம தடுக்கிற மருந்து. அதைப் புரியும்படி நாங்கதான் சொல்லலை. நீங்க குடுக்காம விடலை" என்றார். இனி ஐந்து ஊரிலும் ஒரே முறைதான், நோயாளி தன் கையால் செய்து காட்டிய பிறகுதான் வீட்டுக்கு விடுவது என்று எழுதிக்கொண்டார்கள்.

இதை உங்கள் தம்பியிடம் சொல்லலாம் என்று வேகமாக நடந்து வந்தேன் அக்கா. வாசல் வந்த பிறகுதான் நினைவு வந்தது. முன்பெல்லாம் இழுப்பில் வரும் விசில் சத்தத்தை வைத்தே அவர் சமையலறையிலா, வாசலில் டிரைசைக்கிள் வண்டிப் பக்கமா என்று சொல்லிவிடுவேன். இப்போது வீட்டில் எல்லாம் நன்றாக மூச்சு விடுகிறது. அதுதான் தாங்கவில்லை.

அவருடைய இன்ஹேலரைப் பாடம் நடத்த அவர்களிடமே கொடுத்துவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு வாருங்கள். குழந்தை இயேசு உங்கள் படிகளைக் காக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி,
பெத்தாங்

பி.கு.: கொடுக்கவில்லை. அழுவதில்லை என்றதும் பொய். இன்ஹேலர் பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதன் முதுகில் மீதி எவ்வளவு என்று எண் தெரியும். அவர் போன அன்று 61. வியாழன் முதல் தினமும் ஒன்று, குலுக்கிவிட்டு, தவறாமல், கூரையைப் பார்த்து அமுக்குகிறேன். அவர் மூச்சு வாசனை வருகிறது. இப்போது 57, இன்றையது இன்னும் பாக்கி. எண்ணிப் பார்த்தேன், நவம்பர் 2, கல்லறைத் திருநாளோடு சரியாக முடிகிறது. கடைசி ஒன்றை நீங்கள் அமுக்குங்கள் அக்கா.